துரை ஓடக்கூடாது

முதல்லயே சொல்லிடறேன், இது கொஞ்சம் நீளம். காபியோ டீயோ எடுத்துட்டு வந்து உக்காந்துடுங்க. நடுவுல புழு, ரத்தம், விஷ ஊசின்னு நிறைய வரும். சாப்பிட்டுக்கிட்டே படிக்கிறவங்க சாப்பாட்டை முடிச்சுட்டு வந்தா உத்தமம் :-)

நான் நாய் வளர்க்கிற ரகம் கிடையாது. கும்பகோணத்துல எங்க தெருவுல நாய்ங்க உண்டு. ஆனா அதெல்லாம் தெருவோட நாய்ங்க. வீட்டுக்கு வீடு ஒரு கை சோறு வைப்பாங்க, மழை வந்தா யார் வீட்டுத் திண்ணையிலயாவது சுருண்டு படுத்துக்கும், அவ்ளோதான் உறவு. வாசப்படியைத் தாண்டி உள்ளே வந்தா துடைப்பக்கட்டைதான். 2018-ல பொறியியல் முடிச்சு, சென்னை ஓஎம்ஆர்ல மூணு வருஷம் பொட்டி தட்டி, 2021-ல ஆன்சைட்னு சொல்லி என்னை ஹூஸ்டன்ல கொண்டு வந்து இறக்கினாங்க. கூட இருந்த ரூம்மேட் அடுத்த வருஷக் கடைசியில கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டான். வேலையும் வீட்டுலேர்ந்தே. சில நாள் ராத்திரி படுக்கும்போது யோசிச்சுப் பார்த்தா, மீட்டிங்ல பேசினதைத் தவிர அன்னிக்கு முழுக்க வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன்.

2023 மார்ச் முதல் சனிக்கிழமை. ஆபீஸ் நண்பர் ஒருத்தர், 'சும்மா வந்து பாரு, யாரும் உன் கழுத்துல கட்டிவிடப் போறதில்லை'ன்னு ஒரு நாய் தத்தெடுப்பு முகாமுக்கு இழுத்துட்டுப் போனார். ஒரு கடை வாசல்ல வரிசையா கூண்டு. குட்டிங்க இருந்த கூண்டைச் சுத்தி நம்ம ஊர் ரேஷன் கடைக் கூட்டம். கடைசிக் கூண்டு முன்னாடி மட்டும் ஆளே இல்லை. உள்ளே செம்மண் நிறத்துல ஒரு நாய். நாலு வயசு இருக்கும்னு எழுதியிருந்துச்சு. ஒரு காது நிமிர்ந்து, ஒரு காது மடிஞ்சு. குரைக்கவும் இல்லை, வாலாட்டவும் இல்லை. 'நீயும் போகத்தானே போறே'ங்கிற மாதிரி ஒரு பார்வை. கூண்டு மேல இருந்த அட்டையில பேரு 'டியூக்'. அதுக்குக் கீழே சிவப்பு மையில 'எச்.டபிள்யூ. பாசிட்டிவ்'.

நமக்கு எச்.டபிள்யூ.ன்னா தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணுதான். நாய்க்கு என்னடா ஹார்டுவேர் பாசிட்டிவ், நானே சாஃப்ட்வேர் ஆளாச்சேன்னு அங்கே இருந்த அம்மாகிட்ட கேட்டும் தொலைச்சேன். அவங்க சிரிக்கலை. ஹார்ட்வர்ம், அதாவது இதயப்புழு, அதனாலதான் இவனை யாரும் எடுக்க மாட்டேங்கறாங்க, ஆறு வாரமா ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்துட்டுத் திரும்பிப் போறான்னாங்க. வைத்தியச் செலவை எங்க அமைப்பே பார்த்துக்கும், பொறுமையா வச்சுப் பார்த்துக்க ஒரு வீடுதான் வேணும்னாங்க.

நான் என்ன நினைச்சேன்னு நேர்மையா சொல்லணும்னா, இரக்கம் எல்லாம் பெருசா இல்லை. 'ஆறு வாரமா திரும்பிப் போறான்'ங்கிறதுதான் எங்கேயோ போய்த் தைச்சுது. அன்னிக்குச் சாயங்காலம் டியூக் என் கார் பின்சீட்டுல உக்காந்திருந்தான். அபார்ட்மெண்ட்ல நாய்க்குன்னு தனியா டெபாசிட், மாசாமாசம் இருபத்தஞ்சு டாலர் தனி வாடகை. நாய் வாடகை குடுக்கிற நாட்டுல இருக்கேன்னு அப்பாகிட்ட சொன்னப்ப அவர் நம்பவே இல்லை.

அடுத்த வாரம் டாக்டரம்மா உக்கார வச்சு விளக்கினாங்க. அப்புறம் நானும் ராத்திரி ராத்திரியா படிச்சேன் (பக் வந்தா லாக் படிக்கிற புத்தி). டைரோஃபைலேரியா இமிடிஸ்னு ஒரு புழு. கொசுதான் இதோட பஸ் சர்வீஸ். நோய் இருக்கிற நாயைக் கடிச்ச கொசு இன்னொரு நாயைக் கடிக்கும்போது பொடிப் புழுவை இறக்கிவிட்டுட்டுப் போயிடும். ஆறு ஏழு மாசம் ஒண்ணுமே தெரியாது. சோதனையிலயும் சிக்காது. உள்ளுக்குள்ள வளர்ந்து வளர்ந்து, நுரையீரலுக்குப் போற ரத்தக் குழாய்ல குடித்தனம் வச்சிடும். முத்திப் போனா இதயத்துக்குள்ளேயே. பொட்டைப் புழு ஒரு அடி நீளம் வரைக்கும் வளரும். அஞ்சுலேர்ந்து ஏழு வருஷம் உயிரோட இருக்கும். படத்துல பார்த்தேன், வெந்த சேமியா மாதிரி இருந்துச்சு. அன்னியிலேர்ந்து சேமியா உப்புமாவுக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

ஹூஸ்டன் மாதிரி கடலோர, சதுப்பு நில ஊர்ல இது சர்வ சாதாரணமாம். வருஷத்துல முக்கால்வாசி நாள் கொசு இருக்கே. ஒரு நாய்கிட்டேயிருந்து இன்னொரு நாய்க்கு நேரா ஒட்டாது, கொசு வழியாத்தான் போயாகணும். இருந்தாலும் விஷயம் தெரிஞ்ச பக்கத்து பிளாக்காரர் தன்னோட பொமரேனியனை வெடுக்குனு தூக்கிட்டு வேற பக்கம் போக ஆரம்பிச்சார். அதைச் சொல்லித் தப்பில்லை, பயம்.

எனக்குக் கோவம் வந்தது டியூக்கோட பழைய ஓனர் மேலதான். ஏன்னா இது வராமலே தடுக்கலாம். மாசம் ஒரு மாத்திரை, அவ்ளோதான். ஜப்பான்ல ஒரு கால்ஃப் மைதானத்துக்குப் பக்கத்துல எடுத்த மண்ணுலேர்ந்து ஆரம்பிச்ச ஐவர்மெக்டின் கதை தெரியும்ல? 2015-ல அதுக்கு நோபல் பரிசே குடுத்தாங்க. அதே மருந்துதான் இதுக்கும் மாசாந்திர மாத்திரையில இருக்கு. நான் வாங்கினதுல ஒரு மாத்திரை ஒரு பீட்சா விலைகூட இல்லை. அந்தக் காசு செலவு பண்ண மனசில்லாதவன் எதுக்குடா நாய் வளர்க்கறான்னு வீட்டுக்கு போன் பேசும்போதெல்லாம் பொங்குவேன். அம்மா 'ம்' கொட்டுவாங்க. அவங்களுக்கு, வீட்டுக்குள்ள நாய் இருக்குங்கிறதே ஜீரணமாகலை.

வந்த புழுவைக் கொல்றதுதான் பெரிய கதை. முதல்ல ஒரு மாசம் டாக்சிசைக்ளின். புழுவுக்கு எதுக்கு ஆன்டிபயாடிக்னு கேட்டேன். நாய்க்குள்ள புழு குடித்தனம் இருக்கிற மாதிரி, அந்தப் புழுவுக்குள்ள வோல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா உள்வாடகைக்கு இருக்காம். அதைக் காலி பண்ணிட்டா புழு நோஞ்சானாயிடுமாம். அப்புறம் ஒரு மாசம் சும்மா காத்திருக்கணும். அதுக்கப்புறம் மெலார்சமின் ஊசி ஒண்ணு. ஒரு மாசம் கழிச்சு அடுத்தடுத்த நாள் ரெண்டு. முதுகுத்தண்டு பக்கத்துல, இடுப்புச் சதையில ஆழமாப் போடுவாங்க. வலி உயிர் போகும். இது ஆர்சனிக் கலந்த மருந்து. நம்ம பாஷையில சொன்னா பாஷாணம்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அப்புறம் டாக்டரம்மா சொன்னதுதான் என்னை நிமிர்ந்து உக்கார வச்சுது. இந்த வைத்தியத்துல நாயைக் கொல்றது பெரும்பாலும் மருந்து இல்லை, செத்த புழு. ஊசி போட்டதும் புழு செத்துத் துண்டு துண்டா உடையும். அந்தத் துண்டெல்லாம் ரத்தத்தோட போய் நுரையீரல் குழாய்ல அடைச்சுக்கும். உடம்பு அதையெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா கரைச்சுக்கும், ஆனா அதுக்கு டைம் குடுக்கணும். அந்த சமயத்துல நாய் ஓடினா, குதிச்சா, ரத்த ஓட்டம் வேகமாகும், அடைப்பு பெருசாகும், அவ்ளோதான். அதனால கடைசி ஊசிக்கு அப்புறம் ஆறுலேர்ந்து எட்டு வாரம் நாய் ஓடக்கூடாது, தாவக்கூடாது, படி ஏறக்கூடாது, சந்தோஷத்துல துள்ளக்கூடாது. கூண்டுலதான் இருக்கணும். ஒண்ணுக்கு ரெண்டுக்கு மட்டும் கயிறு கட்டி மெதுவா.

நான் இருந்தது மாடியில. லிஃப்ட் கிடையாது. நாய் இருபத்து நாலு கிலோ. தினம் நாலு தடவை தூக்கிட்டு இறங்கி, தூக்கிட்டு ஏறணும். நாலு தடவைன்னா நாலு தடவை, மழையானாலும் ரிலீஸ் நாளானாலும்!

இதுல இருக்கிற கொடுமையைக் கொஞ்சம் கவனிங்க. வந்தப்ப டியூக் நாலடி நடந்தா உக்காந்துடுவான். இருமுவான். ஏப்ரல்ல மருந்தும் நல்ல சாப்பாடும் உள்ளே போகப் போக ஆள் தேற ஆரம்பிச்சான். வாலாட்டக் கத்துக்கிட்டான். என் செருப்பைத் தூக்கிட்டு வந்து 'வா விளையாடலாம்'னு முன்னங்காலை மடக்கிக் குனிவான். ஒரு நாய் முதல் தடவையா உங்களை விளையாடக் கூப்பிடுது, நீங்க அதைக் கூண்டுல தள்ளித் தாழ் போடணும். எவ்ளோ தேறுறானோ அவ்ளோ ஆபத்து. நான் மீட்டிங்ல இருக்கும்போது கூண்டுக் கம்பி வழியா ஒரு கால் மட்டும் வெளியே நீட்டி என் பாதத்து மேல வச்சுக்குவான். அப்படியே மணிக்கணக்கா இருப்பான்.

மே 9 முதல் ஊசி. மே நடுவுல அம்மா வந்தாங்க. ஏர்போர்ட்லேர்ந்து வந்து இறங்கினதும் டியூக்குக்கு ஒண்ணுக்கு நேரம். நான் அவனைத் தூக்கிட்டுக் கீழே இறங்கறேன், அம்மா பெட்டியை இழுத்துக்கிட்டு மேலே ஏறறாங்க. 'பெத்தவ பெட்டியைத் தூக்க ஆளில்லை, நாய்க்குப் பல்லக்கு'ன்னாங்க. நியாயம்தானே.

பேரு என்னன்னு கேட்டாங்க. டியூக்குன்னா பிரபு, ஜமீன்தார் மாதிரின்னேன். 'அப்ப துரைன்னு சொல்லேன்'ன்னாங்க. அன்னியோட டியூக் போய் துரை ஆயிட்டான். ஆனா அம்மா தொட மாட்டாங்க. அவன் இருக்கிற ஹால்ல விளக்கேத்தக் கூடாதுன்னு சாமி படங்களையெல்லாம் பெட்ரூமுக்கு மாத்தினாங்க. தயிர்சாதம் பிசைஞ்சு தட்டுல வச்சுட்டு, ரெண்டடி பின்னாடி போய் நின்னு 'சாப்பிடு துரை'ன்னு மரியாதையா சொல்லுவாங்க. பாஷாண ஊசின்னு சொன்னப்ப மட்டும் கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, 'பழனியாண்டவரே நவபாஷாணம்னுதானே சொல்லுவாங்க, ஒண்ணும் ஆகாது'ன்னு கன்னத்துல போட்டுக்கிட்டாங்க.

ஜூன் 8, 9 ரெண்டாவது, மூணாவது ஊசி. ரெண்டு நாள் துரை முனகிக்கிட்டே கிடந்தான். முதுகைத் தொட விடலை. அம்மா அவன் கூண்டுக்குக் கொஞ்சம் தள்ளி நாற்காலியைப் போட்டு உக்காந்து விஷ்ணு சகஸ்ரநாமம் கேட்டாங்க. எனக்குக் கேக்கணும்னு போட்டதா துரைக்குக் கேக்கணும்னு போட்டதான்னு நான் கேக்கலை.

இனி வர்றது நான் பண்ணின தப்பு.

ஜூலை 4. அமெரிக்காவோட சுதந்திர தினம். ஊரெல்லாம் வாணவேடிக்கை. டாக்டரம்மா முன்னாடியே எச்சரிக்கை பண்ணி, சத்தம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி குடுக்கச் சொல்லி ஒரு மயக்க மாத்திரையும் தந்திருந்தாங்க. டீம்ல ஒருத்தர் வீட்டுல பார்பெக்யூ. நாலு மாசமா எங்கேயும் போகலை. இருட்டினாத்தானே வெடி, எட்டரைக்குள்ள வந்து மாத்திரையைக் குடுத்துடலாம்னு ஒரு கணக்கு போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டேன். அம்மாகிட்ட மாத்திரையைப் பத்திச் சொல்லக்கூட இல்லை. எங்க ஏரியா பசங்க இருட்டுற வரைக்கும் காத்திருக்கலை. ஏழரைக்கே ஆரம்பிச்சுட்டாங்க. நான் டிராபிக்ல மாட்டி வீடு வந்து சேரும்போது ஒம்போதே கால்.

கதவைத் திறந்தா ஹால்ல விளக்கில்லை. கூண்டோட கதவு ஒரு பக்கம் வளைஞ்சிருக்கு. கூண்டு மேல அம்மாவோட பழைய புடவை. அம்மா தரையில உக்காந்து, கம்பி வழியா கையை முழங்கை வரைக்கும் உள்ளே விட்டு, துரையோட கழுத்தை அணைச்ச மாதிரி பிடிச்சிருக்காங்க. அவன் உடம்பெல்லாம் உதறுது, வாயில நுரை. அம்மா கையில கம்பி கீறின கோடு. வெடிச் சத்தம் கேட்டு அவன் கூண்டையே தூக்கிட்டுப் போற மாதிரி மோதியிருக்கான், ஒரு மணி நேரத்துக்கு மேல. 'தீபாவளிக்கு எங்க வீட்டுப் பசுவுக்கு இப்படித்தான் மூடி வைப்போம்'ன்னாங்க. 'நீ போன் எடுக்கவே இல்லையேடா.' பார்பெக்யூ பாட்டுச் சத்தத்துல எனக்குக் கேக்கலை. ஏழு மிஸ்டு கால்.

அடுத்த நாள் ஒண்ணும் தெரியலை. தப்பிச்சோம்னு நினைச்சேன். ஆறாந்தேதி சாயங்காலம் இருமல் ஆரம்பிச்சுது. ராத்திரி பதினோரு மணிக்கு இருமினதுல ரோஸ் கலர்ல நுரை. மூச்சு வாங்குது, உடம்பு கொதிக்குது. இருபத்து நாலு மணி நேர மிருக ஆஸ்பத்திரிக்கு வண்டியை விரட்டினோம். பின்சீட்டுல அம்மா, அவங்க மடியில துரையோட தலை. எக்ஸ்ரே எடுத்துட்டு வந்து, நினைச்சதுதான், செத்த புழு நுரையீரல்ல அடைச்சிருக்குன்னாங்க. ஆக்சிஜன் கூண்டுல வச்சு ஸ்டீராய்டு குடுக்கறோம், இன்னிக்கு ராத்திரி தாண்டட்டும், அப்புறம்தான் எதுவும் சொல்ல முடியும்னாங்க. பணம் கட்டச் சொன்னாங்க. கட்டினேன். எவ்ளோன்னு இன்னி வரைக்கும் அப்பாவுக்குத் தெரியாது.

உள்ளே குளிர் தாங்கலைன்னு அம்மா சொன்னதால கார் பார்க்கிங்ல வந்து உக்காந்தோம். மணி ரெண்டு. ஜன்னலை இறக்கி வச்சிருந்தோம். ஹூஸ்டன் ஜூலை ராத்திரி, நம்ம ஊர் ஆவணி மாசப் புழுக்கம் தோத்துடும். நான் சும்மா இருக்க முடியாம மறுபடியும் அந்தப் பழைய ஓனரைத் திட்ட ஆரம்பிச்சேன். மாசம் ஒரு மாத்திரை, அதைக்கூடக் குடுக்காம, தெருவுல விட்டுட்டு... அப்படி இப்படின்னு. என் மேல இருந்த கோவத்தை யார் மேலயாவது இறக்கணுமே.

அம்மா கைல ஒரு கொசுவை 'பட்'டுனு அடிச்சாங்க. உள்ளங்கையில சின்னதா ரத்தப் பொட்டு. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கிட்டிருந்தாங்க.

'அம்மாச்சிக்கு வந்ததும் இதானேடா?'ன்னாங்க.

எனக்கு அப்பதான் உறைச்சுது. நாலு மாசமா இந்தப் புழுவைப் பத்தி ராத்திரி பகலா படிச்சவன், இதை யோசிக்கவே இல்லை. அம்மாச்சிக்கு யானைக்கால். இடது கால். நான் பிறக்கறதுக்கு ரொம்ப முன்னாடியே வந்தது. அது வேற புழு, உச்சரேரியா பான்கிராஃப்டி. இதயத்துக்குப் போகாது, நிணநீர்க் குழாய்ல குடியேறும். ஆனா இதுவும் அதுவும் ஒரே ஃபைலேரியா குடும்பம், பங்காளிங்க. ரெண்டுக்கும் கொசுதான் பஸ். நான் நாலாங்கிளாஸ் படிக்கும்போது ஸ்கூல்ல வரிசையா நிக்க வச்சு யானைக்கால் தடுப்பு மாத்திரை முழுங்க வச்சாங்களே, டி.இ.சி.ன்னு, உங்கள்ல டெல்டா ஆளுங்களுக்கு ஞாபகம் இருக்கும். ஐவர்மெக்டின் வர்றதுக்கு முன்னாடி அமெரிக்காவுல நாய்களுக்கு இதயப்புழு வராம இருக்க தினமும் குடுத்துட்டு இருந்தது அதே டி.இ.சி.தான்.

'ஆமாம்மா, கிட்டத்தட்ட'ன்னேன்.

'ராத்திரியில ரத்தம் எடுக்க வருவாங்க'ன்னு ஆரம்பிச்சாங்க. அம்மாவுக்கு அப்ப பன்னெண்டு வயசு. அம்மாச்சிக்கு அப்போ கால் வீங்கலை. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை தொடையிடுக்குல நெறி கட்டும், குளிர் ஜுரம் வரும், அவ்ளோதான். ஃபைலேரியா ஆபீஸ் ஆளுங்க கையில கண்ணாடித் துண்டும் லைட்டுமா ராத்திரி ஒம்போது பத்து மணிக்கு மேல வீடு வீடா வந்து விரல்ல குத்தி ரத்தம் எடுப்பாங்க. (அந்தப் பொடிப் புழுங்க பகல்ல உள்ளே பதுங்கிட்டு, கொசு கடிக்கிற ராத்திரி நேரத்துலதான் வெளி ரத்தத்துக்கு வரும். அதுக்குத்தான் அந்த அகால வேளை.) இருக்குன்னு தெரிஞ்சா மாத்திரை குடுப்பாங்க, சும்மாவே.

'எங்க தெருவுல அவங்க நுழைஞ்சதும், கதவைச் சாத்துடின்னுது அம்மா. விளக்கை அமத்துன்னுது. நான்தான் தாழ்ப்பாள் போட்டேன். மூணு பொம்பளைப் புள்ளைங்க வீட்டுல. ரத்தத்துல பூச்சி இருக்குன்னு ஊருக்குத் தெரிஞ்சா எவன் கட்டுவான்? கதவைத் தட்டிட்டு, வீட்டுல யாரும் இல்லை போலன்னு போயிட்டாங்க. நாங்க அஞ்சு பேரும் இருட்டுல மூச்சுவிடாம உக்காந்திருந்தோம். ரெண்டு மூணு தடவை அப்படி.'

கொஞ்ச நேரம் பேசலை.

'அதுக்கப்புறம்தான் கால் வீங்குச்சு. மெட்டி ஏறலை. என் கல்யாணத்துல மேடைக்கே வரலை தெரியுமா? சமையல்கட்டுலயே நின்னுடுச்சு.' அப்புறம் ஆஸ்பத்திரிக் கதவைப் பார்த்துக்கிட்டே சொன்னாங்க: 'இவனை வச்சிருந்தவங்களுக்கு என்ன கஷ்டமோ. தெரியாமக்கூட இருந்திருக்கும். திட்டாதடா.'

நான் வாயை மூடிக்கிட்டேன்.

அப்புறம் ஒண்ணு கேட்டாங்க. 'துரைக்கு முதல்ல ஒரு மாசம் குடுத்தியே, அந்த மாத்திரை மாதிரி ஏதாவது அம்மாச்சிக்கு இருந்திருந்தா?' எனக்குத் தெரியும். டாக்சிசைக்ளினை யானைக்கால் நோயாளிங்களுக்கும் ஆராய்ச்சியில குடுத்துப் பார்த்திருக்காங்க. அந்தப் புழுவுக்குள்ளயும் அதே வோல்பாக்கியா உள்வாடகைக்கு உண்டு. 2005 வாக்குலயே அதைப் பத்தி எழுதியிருக்காங்க. அம்மாச்சி போனது 2006. 'அது வேற புழும்மா'ன்னு மட்டும் சொன்னேன். பொய் இல்லை. முழுசும் இல்லை.

விடிகாலை அஞ்சரைக்கு ஒரு நர்ஸ் வெளியே வந்து, மூச்சு கொஞ்சம் சீராகுது, வந்து பாக்கறீங்களான்னாங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தான். எங்களைப் பார்த்ததும் எழுந்திருக்கலை. வால் மட்டும் தரையில ரெண்டு தடவை தட்டுச்சு. அம்மா கண்ணாடியில கையை வச்சு, 'எழுந்துக்காத துரை, படு படு'ன்னாங்க.

எட்டாந்தேதி வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தோம். கணக்கு திரும்ப முதல்லேர்ந்து. இன்னும் எட்டு வாரம் கூண்டு, ஸ்டீராய்டை மெதுவா குறைக்கணும். ஸ்டீராய்டால அவனுக்குப் பேய்ப் பசி, ஓயாம தண்ணி தாகம், நாலு தடவை தூக்கினது ஆறு தடவை ஆச்சு. என் இடுப்பு இன்னி வரைக்கும் மழை வந்தா முன்கூட்டியே சொல்லும். அம்மா நாற்காலியை விட்டுட்டுக் கூண்டுக்குப் பக்கத்துலயே பாயைப் போட்டுக்கிட்டாங்க. சாமி படமெல்லாம் ஹாலுக்குத் திரும்பி வந்துச்சு. அக்காவுக்குப் பிரசவம்னு ஜூலைக் கடைசியிலேயே ஊருக்குக் கிளம்ப வேண்டியதாப் போச்சு. ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும்போது என்கிட்ட சொன்னது: 'நாலாந்தேதி மாதிரி விட்டுட்டுப் போயிடாதே.' எவ்ளோ நாள் கழிச்சு! அதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

2024 மார்ச்ல கடைசி ரத்தச் சோதனை. நெகட்டிவ். டாக்டரம்மா கைகுடுத்தாங்க. நான் கார்ல வந்து உக்காந்து கொஞ்ச நேரம் அழுதேன், ஒத்துக்கறேன். இப்ப ஒண்ணாந்தேதி ஆனா மாத்திரை. நான் மறந்தாலும் கும்பகோணத்துலேர்ந்து போன் வந்துடும். 'துரைக்கு மாத்திரை குடுத்தியா?' அப்புறம்தான் 'நீ சாப்பிட்டியா?'

ஆனா எனக்கு மறக்காம நிக்கிறது அந்த ரிப்போர்ட் இல்லை. அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, அக்டோபர்ல ஒரு ஞாயித்துக்கிழமை காலை. இனிமே ஓடலாம்னு டாக்டரம்மா சொல்லி ரெண்டு நாள் ஆச்சு. வேலி போட்ட நாய் பூங்கா, எட்டு மணி, வேற யாரும் இல்லை. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு போனை நீட்டிப் பிடிச்சுக்கிட்டு, கயிறைக் கழட்டினேன். துரை ரெண்டடி வச்சுட்டு நின்னுட்டான். திரும்பி என்னைப் பார்த்தான். ஏழு மாசம் கயிறு இழுத்துப் பழக்கம். 'போடா'ன்னேன். இன்னும் ரெண்டடி. திரும்பிப் பார்த்தான். 'போடா துரை, போ!'

அப்புறம் ஓடினான் பாருங்க. மடிஞ்ச காது நிமிர்ந்த காது ரெண்டும் பின்னாடி ஒட்டிக்கிட்டு, புல்லுல பெரிய வட்டமா, வேலியோரமாவே, மண்ணு பறக்க. எனக்குக் கால் உதறுது. போன்ல கும்பகோணத்துச் சாயங்காலம், பின்னாடி கோயில் மணிச் சத்தம், அம்மா கத்தறாங்க:

'டேய், பிடிடா அவனை! ஓடறான் பாரு, இருமப் போறான்! துரை, மெதுவா! மெதுவாப் போடா!'

'ஓடலாம்மா. இனிமே ஓடலாம்.'